மூட்டுவலியும் மூச்சுக்காற்றும்: அழுத்தநீக்க நோயின் வரலாற்றில் தொழிலாளர் உடல்

ஆய்வுச் சுருக்கம்

நீருக்கடியிலும் அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளிலும் உழைத்தோர்க்கு ஏற்பட்ட மூட்டுவலி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இன்றுவரை எவ்வாறு பெயரிடப்பட்டது, எவ்வாறு விளக்கப்பட்டது, எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வலி முதலில் வாதநோயாகவும், பின்னர்த் தொழிலின் கேலிப்பெயராகவும், அதன்பின் உடலில் கரைந்த வளியின் அளவை உணர்த்தும் குறியாகவும் படிக்கப்பட்டது. ஒவ்வொரு வாசிப்பும் அதற்குரிய மருத்துவத்தைத் தீர்மானித்தது. மன்னார் வளைகுடாவின் மூச்சடக்கு முத்துக்குளிப்பு இவ்வரலாற்றில் பெறும் இடமும் ஒப்பீட்டு முறையில் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அழுத்தநீக்க நோய், மூட்டுவலி, முத்துக்குளித்தல், மீளழுத்த மருத்துவம், தொழில்நோய் வரலாறு.

முன்னுரை

தொழில்நோய்களின் வரலாறு பெரும்பாலும் இறந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்படுகிறது. இறப்பைப் பதிவேடு தவறவிடுவதில்லை. ஆனால் வேலை முடித்து வீடு திரும்பிய பின் தோளைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உறங்காதிருந்த தொழிலாளியின் வலி எந்தப் பதிவேட்டிலும் எளிதில் ஏறுவதில்லை. ஆழ்நீரில் மூழ்குவோரின் மூட்டுவலி இத்தகைய வலிகளுள் ஒன்று. அது பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அதனாலேயே நீண்டகாலம் பொருட்படுத்தப்படாமல் இருந்தது. எனினும் அழுத்தநீக்க நோய் என்னும் முழுச் சிக்கலையும் அறிவியல் புரிந்துகொள்வதற்கு வாயிலாக அமைந்தது இவ்வலியே.

இக்கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைக்கிறது. முதலாவது, இவ்வலியைத் தணிக்கும் வழியை மருத்துவக் கோட்பாடு கண்டறிவதற்கு முன்பே தொழிலாளர் பட்டறிவு கண்டிருந்தது. இரண்டாவது, ‘எளிய வலி’ என்னும் வகைப்பாடு, மருத்துவத்திற்கு வசதியாக இருந்த அளவிற்குத் தொழிலாளர்க்கு நன்மையாக இருக்கவில்லை.

வலி வாதமாகப் படிக்கப்பட்ட காலம்

அழுத்தம் குறையும்போது உயிருடலில் குமிழி தோன்றும் என்பதை இராபர்ட் பாயில் 1670ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்திருந்தார். காற்று வெளியேற்றப்பட்ட கண்ணாடிக் கலத்துள் வைக்கப்பட்ட விரியன் பாம்பின் கண்ணில் ஒரு குமிழி அசைவதை அவர் கண்டார். ஆயினும் இக்குறிப்பு மனித உழைப்போடு தொடர்புபடுத்தப்படாமல் இரு நூற்றாண்டுகள் கிடந்தது. அழுத்தக் காற்றில் மனிதர் மணிக்கணக்கில் வேலைசெய்யும் நிலை அன்று தோன்றியிருக்கவில்லை.

அந்நிலையைத் தோற்றுவித்தவர் பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ஜாக் ட்ரிஜே. லுவார் ஆற்றங்கரையில் நிலக்கரிப் படிவத்தை அடைய நீர் ஊறும் மணற்படுகையைத் துளைக்க வேண்டியிருந்தது. இரும்புக் குழாயினுள் காற்றை அழுத்திச் செலுத்தி நீரை வெளியே தள்ளிவிட்டு, அவ்விடத்தில் தொழிலாளரை இறக்கினார். 1841ஆம் ஆண்டு அவர் அளித்த அறிக்கையில் ஒரு சிறு செய்தி உள்ளது. ஏழு மணிநேரம் உள்ளிருந்த இருவர் வெளியேறிய அரைமணி நேரத்திற்குப் பின் கடும் மூட்டுவலிக்கு ஆளாயினர். ஒருவருக்கு இடக்கையிலும், மற்றவருக்கு முழங்கால்களிலும் இடத்தோளிலும் வலி. சாராயத்தைத் தேய்த்துவிட்டதும் வலி தணிந்தது. அடுத்த நாள்களில் அவர்கள் வேலைக்குத் திரும்பினர். அழுத்தநீக்க நோய் மனிதரிடம் காணப்பட்டமைக்கான தொடக்கப் பதிவாக இது கருதப்படுகிறது. வலி உள்ளிருந்தபோது தோன்றவில்லை, வெளியே வந்தபின் தோன்றியது என்னும் உண்மை இப்பதிவிலேயே அடங்கியுள்ளது. எனினும் தைலம் தேய்க்கும் மருத்துவம் அவ்வுண்மையைப் பின்தொடரவில்லை.

கடலிலும் இதே போக்கு நிலவியது. அகஸ்டஸ் சீபே 1837இல் உருவாக்கிய மூடிய தலைக்கவச உடை, மேலிருந்து குழாய்வழிச் செலுத்தப்படும் காற்றைக்கொண்டு நெடுநேரம் நீரடியில் நிற்பதை இயலச்செய்தது. இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் பகுதியில் மூழ்கிக்கிடந்த ‘ராயல் ஜார்ஜ்’ கப்பலை அகற்றும் பணியில் ஈடுபட்ட மூழ்காளர்கள் வாதத்தாலும் குளிராலும் திரும்பத் திரும்பத் துன்புற்றதாகப் பணித்தலைவர் பாஸ்லி குறித்துள்ளார். ஈரத்திலும் குளிரிலும் உழைப்பவர்க்கு மூட்டு நோவது இயல்பு என்று எண்ணியதால், மேலும் வினா எழவில்லை. ‘வாதம்’ என்னும் பெயர் ஒரு விளக்கம் போலத் தோன்றி ஆய்வை முடித்துவைத்தது.

வெளியேறும் வாயிலில் காத்திருந்த நோய்

இந்த வாசிப்பை முதலில் அசைத்தவர்கள் போல், வத்தேல் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள். வடபிரான்சின் சுரங்கமொன்றில் அழுத்தக் காற்றில் உழைத்தோரைக் கவனித்து 1854இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தீங்கு அழுத்தத்திற்குள் செல்வதில் இல்லை, அதைவிட்டு வெளியேறுவதில் உள்ளது என்று தெளிவாகக் கூறியது. வலியுற்றவர் மீண்டும் அழுத்தக் காற்றுக்குள் சென்றால் துன்பம் தணிவதையும் அவர்கள் எடுத்துரைத்தனர்.

இவ்விடத்தில் ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மீண்டும் உள்ளே சென்றால் வலி தணியும் என்பது ஆய்வகத்தில் பிறந்த அறிவன்று. மறுநாள் வேலைக்கு இறங்கியபோது முந்தைய நாளின் வலி மறைந்ததை உணர்ந்தவர்கள் தொழிலாளர்களே. மருத்துவர்கள் அதைக் கேட்டு எழுதினர். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதற்கான விளக்கம் பின்னரே வந்தது. ஆயினும் அந்த அறிவு முறையான மருத்துவமாக மாற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்கப் பாலங்களும் கேலிப்பெயரும்

அந்த இடைவெளியில் நோய் பெருகியது. செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மீது ஈட்ஸ் பாலம் 1874இல் முடிவுற்றது. அதன் தூண்களுக்கு அடித்தளம் தோண்டிய அழுத்தக் காற்று அறைகளில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் முடமாயினர். தொழிலாளர்கள் துத்தநாகமும் வெள்ளியும் மாறிமாறிக் கோத்த பட்டைகளைக் கையிலும் காலிலும் இடுப்பிலும் அணிந்துகொண்டனர். அவை வலியைத் தடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பணியின் மருத்துவர் ஜாமினே தாமே உள்ளே இறங்கி, நான்கு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் வெளியேறிப் பக்கவாதத்திற்கு ஆளானார். மருத்துவர் உடல் இந்த நோய்க்குத் தானே சான்றாக அமைந்த அரிய நிகழ்வு இது.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பணியில் நோய்க்கு ஒரு வேடிக்கைப் பெயரும் வழங்கியது. அன்றைய நாகரிகப் பெண்கள் இடுப்பை முன்னோக்கி வளைத்து நடந்த பாங்கிற்குக் ‘கிரேக்க வளைவு’ என்று பெயர். வலியால் குனிந்து நடந்த தொழிலாளரைத் தோழர்கள் அப்பெயரால் கிண்டல் செய்தனர். அதுவே சுருங்கி ‘பெண்ட்ஸ்’ என்று நிலைத்து, இன்றைய ஸ்கூபா மூழ்காளர் நாவிலும் வழங்குகிறது. கேலிப்பெயர் இருமுனை கொண்டது. துன்பத்தைத் தாங்கத் தோழமை தந்தது. துன்பத்தை இயல்பாகவும் ஆக்கிவிட்டது.

அப்பணியின் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 1873இல் வெளியிட்ட ஆய்வில் 110 நோயாளர் குறிக்கப்பட்டுள்ளனர், மூவர் இறந்தனர். மீளழுத்தத்தால் குணம் கிட்டும் என்று அவர் கருதிய போதிலும் அதற்கான அறை அங்குக் கட்டப்படவில்லை. 1872 மே மாதத்தில் தொழிலாளர்கள் நான்கு மணிநேர வேலைக்கு மூன்று டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அது சில நாள்களில் முறிந்தது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இந்நோயால் முடங்கினார். அவர் பெயர் எல்லா நூல்களிலும் உள்ளது. கூலி கேட்டவர்களின் பெயர் அருகியே கிடைக்கிறது.

குமிழிக் கோட்பாடும் வெள்ளாட்டின் முன்னங்காலும்

பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் 1878இல் வெளியிட்ட பெருநூல், இந்நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்று சோதனைவழி நிறுவியது. அழுத்தம் மிகும்போது மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. அழுத்தம் விரைந்து குறைந்தால், திறந்த சோடாப் புட்டியில் போலக் குமிழிகள் எழுகின்றன. மெதுவாக வெளியேறுவதும், நோயுற்றால் மீண்டும் அழுத்தத்திற்கு உட்படுத்துவதும், ஆக்சிஜன் அளிப்பதும் அவர் காட்டிய வழிகள். இன்றைய மருத்துவத்தின் மூன்று கூறுகளும் இங்கே உள்ளன.

அட்சன் ஆற்றடிச் சுரங்கப் பணியில் பொறியாளர் எர்னஸ்ட் மோயர் 1890ஆம் ஆண்டையொட்டி மருத்துவத்திற்கெனத் தனி அழுத்த அறையை அமைத்தார். அதன்பின் அங்கு இறப்பு வெகுவாகக் குறைந்தது. போல், வத்தேல் இருவரும் குறித்த தொழிலாளர் அறிவு இப்போதுதான் இரும்பு அறையாக உருப்பெற்றது.

எனினும் தடுப்பது எப்படி என்னும் வினா எஞ்சியது. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன், பாய்காட், டாமன்ட் ஆகியோர் மேற்கொண்டு 1908இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. அவர்கள் சோதனைக்கு வெள்ளாடுகளைப் பயன்படுத்தினர். வலியை ஆடு சொல்லாது; ஆனால் மூட்டு வலித்தால் முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தூக்கிய காலே அளவுகோலாயிற்று. சிற்றுயிர்களில் இறப்பு, பக்கவாதம் போன்ற கடும் விளைவுகளைக் கொண்டே அளக்க முடிந்த நோயை, ஆட்டின் காலைக்கொண்டு அதன் தொடக்க எல்லையிலேயே அளக்க முடிந்தது. மூட்டுவலி இங்கு அறிவியல் கருவியாக உயர்ந்தது.

மொத்த அழுத்தத்தைப் பாதியாக விரைந்து குறைத்தாலும் தீங்கு நேர்வதில்லை என்பதே அவர்களின் முதன்மை முடிவு. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆகவே பத்து மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் இரண்டு, மேற்பரப்பில் ஒன்று. இவ்வேறுபாட்டை உடல் தாங்கும். அதனினும் ஆழ்ந்தவர் இடையிடையே குறித்த ஆழங்களில் நின்று, கரைந்த வளி நுரையீரல்வழி வெளியேற நேரம் தந்து மேலேற வேண்டும். திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் வளியை ஏற்று விடுவிக்கின்றன என்று கொண்டு அவர்கள் வகுத்த அட்டவணைகள் கடற்படைகளில் பரவின. இன்று மூழ்காளர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கணினிக் கருவிகள் பலவும் அக்கணக்கின் வழிவந்தவையே.

மன்னார் வளைகுடா: ஓர் எதிர்நிலைச் சான்று

தமிழ் ஆய்வாளர்க்கு இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. கொற்கை முத்து சங்க காலந்தொட்டுப் புகழ்பெற்றது. கிரேக்க வணிகக் குறிப்பான ‘பெரிப்ளஸ்’, அங்கு முத்தெடுப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. இத்தனை நூற்றாண்டுகள் மூழ்கிய குளியாள்களுக்கு இம்மூட்டுவலி ஏன் பெயர்பெற்ற நோயாக நிலைக்கவில்லை?

விடை மூச்சில் உள்ளது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில், அதாவது ஏறத்தாழ ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அமைந்தவை. குளியாள் கல்லைத் துணைக்கொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி திரட்டி, கயிற்றை அசைத்து மேலேறுவார். அவர் கொண்டுசெல்வது மேற்பரப்பில் இழுத்த ஒரே ஒரு மூச்சு. அழுத்தக் காற்றைத் தொடர்ந்து சுவாசிக்கும் தலைக்கவச மூழ்காளரோடு ஒப்பிட்டால், அவர் உடலில் கரையும் நைட்ரஜன் மிகச் சிறிது. ஆகவே அவருடைய தொழில் தந்த இடர் வேறு வகையினது. பார் திறக்கும்போது சுறாவைக் கட்டுவதற்கெனக் ‘கடல்கட்டி’ அமர்த்தப்பட்ட மரபு, அஞ்சப்பட்ட இடர் எது என்பதைக் காட்டுகிறது. செயின்ட் லூயிஸ் தொழிலாளி மூட்டுவலிக்கு எதிராகப் பட்டை அணிந்தார். மன்னார்க் குளியாள் சுறாவுக்கு எதிராக மந்திரத்தை நாடினார். இரு சமூகங்களின் காப்புச் சடங்குகளும் அவரவர் தொழிற்கருவியின் இயல்பை எதிரொலிக்கின்றன.

இவ்விடத்தில் எச்சரிக்கையும் தேவை. பதிவில் இல்லை என்பதால் வலியே இல்லை என்று முடிவுசெய்தல் தகாது. இலங்கைக் கரையில் நடைபெற்ற 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் எண்ணப்பட்டன. குளியாள்களின் மூட்டுகளை எவரும் எண்ணவில்லை. மேலும் மூச்சடக்கி மூழ்குதல் முற்றிலும் தீங்கற்றதும் அன்று. 1965இல் டேனிஷ் மருத்துவர் பாலெவ், இருபது மீட்டர் ஆழத் தொட்டியில் சில மணிநேரம் திரும்பத் திரும்ப மூச்சடக்கி மூழ்கியபின் தமக்கே மூட்டுவலி உள்ளிட்ட அறிகுறிகள் தோன்றி, மீளழுத்தத்தால் நீங்கியதைப் பதிவுசெய்தார். மேற்பரப்பில் ஓய்வு போதாதபோது சிறிது சிறிதாகச் சேரும் நைட்ரஜனும் எல்லையைத் தொடும். குளியாள்கள் இருவர் இருவராக மாறிமாறி மூழ்கிய மரபு, இந்நோக்கில் வகுக்கப்பட்டதன்று எனினும், ஓய்வு தந்து காத்திருக்கக்கூடும்.

நிலை இன்று மாறியுள்ளது. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போர் படகிலுள்ள காற்றழுத்தக் கருவியிலிருந்து குழாய்வழி மூச்சிழுக்கின்றனர்; இலங்கையில் சங்கும் கடலட்டையும் எடுப்போர் ஸ்கூபா உருளைகளைச் சுமக்கின்றனர். மூச்சின் முறை மாறியதும் ட்ரிஜேயின் தொழிலாளரைத் தாக்கிய நோய் இக்கரைகளுக்கும் உரியதாயிற்று. பழைய குளியாளின் பட்டறிவு இப்புதிய இடரை அறிந்ததன்று.

‘எளிய வலி’ என்னும் வகைப்பாடு

இங்கிலாந்தின் டார்ட்ஃபர்ட் சுரங்கப் பணியை ஆராய்ந்த மருத்துவர் குழு, 1960இல் இந்நோயை இருவகையாகப் பிரித்தது. மூட்டுவலி முதல்வகை, நரம்பு, மூச்சு ஆகியவற்றைத் தாக்குவது இரண்டாம் வகை. மருத்துவ முன்னுரிமைக்கு இப்பகுப்பு பயன்பட்டது. ஆனால் முதல்வகை ‘எளியது’ என்னும் எண்ணமும் அதனுடன் வளர்ந்தது.

இதற்கு மாறான சான்று அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றடிச் சுரங்கம் தோண்டியவர்களை ஆராய்ந்த போர்ன்ஸ்டைன், பிளாத்தே ஆகியோர், தோள், இடுப்பு மூட்டெலும்புகள் சிதைந்திருப்பதை 1911இல் எக்ஸ்-கதிர்ப் படங்கள்வழி எடுத்துக்காட்டினர். எலும்புத்திசு இரத்தவோட்டமின்றி இறப்பதால் இது நேர்கிறது. வெளியேறிய அன்று வலி தோன்றாமலே இருக்கலாம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மூட்டின் முகப்பு உடைந்து நொறுங்கும்போதே தொழிலாளி அதை உணர்வார். அப்போது பணியும் முடிந்திருக்கும், பணியளித்தவரும் விலகியிருப்பார். அன்றன்று தணிந்த வலியை மட்டும் கணக்கிடும் பதிவேட்டில் இவ்விழப்பு இடம்பெறாது. கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவில், கடற்பஞ்சு எடுக்கச் சென்று கால் தளர்ந்து திரும்பிய மூழ்காளரின் நடுங்கும் நடையை ‘மிகானிகோஸ்’ என்னும் ஆட்டம் நினைவிற் கொண்டுள்ளது. பதிவேடு விட்டதை அங்கு ஆட்டம் காத்தது.

இருபதாம் நூற்றாண்டு மருத்துவமும் இன்றைய மூழ்காளரும்

அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் யார்ப்ரோ, பெங்கி ஆகியோர் 1939இல் மீளழுத்தத்தோடு ஆக்சிஜனை இணைத்தனர். குட்மன், வொர்க்மன் ஆகியோர் 1965இல் வகுத்த முறை, 2.8 வளிமண்டல அழுத்தத்தில் இடைவெளி விட்டு ஆக்சிஜன் அளிப்பதாகும். இன்றும் பெரிதும் பின்பற்றப்படுவது அதன் வழிமுறையே. ஆழ்கடல் எண்ணெய்ப் பணிகளின் காலத்தில் மற்றொரு வலியும் அறியப்பட்டது. பேராழத்திற்கு விரைந்து அழுத்தப்படும்போது, ஏறும்போதன்றி இறங்கும்போதே மூட்டுகள் வறண்டு நெறிபடுவதாக மூழ்காளர் உணர்ந்தனர். அழுத்தும் வேகத்தைக் குறைப்பதே அதற்கு வழியாயிற்று.

கூஸ்தோ, கன்யான் இருவரும் 1943இல் உருவாக்கிய தற்சார்பு மூச்சுக்கருவி, மூழ்குதலைப் பொழுதுபோக்காகவும் ஆக்கியது. இதனால் முதுமையாலோ மூட்டழற்சியாலோ முன்பே வலியுடையோரும் கடலில் இறங்குகின்றனர். வரலாறு இங்கே ஒரு வட்டத்தை முடிக்கிறது. மூழ்கியபின் தோன்றும் வலியை ‘எனக்கு ஏற்கெனவே உள்ள வாதம்தான்’ என்று கருதி வலிநிவாரணி உட்கொண்டு காத்திருப்பது, பாஸ்லி காலத்து வாசிப்பை மீண்டும் நிகழ்த்துவதாகும். அழுத்தநீக்க வலி பெரும்பாலும் மேலேறிய சில மணிநேரத்திற்குள், மூழ்காளரிடம் தோளிலோ முழங்கையிலோ தோன்றும். வீக்கமும் சிவப்பும் பொதுவாக இருப்பதில்லை. அசைத்தாலும் அழுத்தினாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆயினும் இவ்வடையாளங்கள் உறுதியானவை அல்ல. ஆகவே மூழ்குமுன் தம் மூட்டுகளின் வழக்கமான நிலையை மருத்துவரிடம் பதிவுசெய்துகொள்வதும், புதிதாகத் தோன்றும் எவ்வலியையும் வேறென்று நிறுவப்படும்வரை அழுத்தநீக்க நோயாகவே கொண்டு ஆக்சிஜனும் மீளழுத்தமும் நாடுவதும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்கள். கனமான உருளையை நீரில் இறங்கியபின் அணிதல், குளிர்காப்பு உடை, மெதுவான ஏற்றம் ஆகியன ஏற்கெனவே நலிந்த மூட்டுக்குத் துணைசெய்வன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மூட்டுவலிக்கு இடப்பட்ட பெயரே அதன் மருத்துவத்தைத் தீர்மானித்தது. வாதம் எனப்பட்டபோது தைலமும், கேலிப்பெயர் பெற்றபோது பொறுமையும், குமிழி என உணரப்பட்டபோது காலத்தை அளந்து மேலேறும் முறையும் மருந்தாயின. மீளழுத்தத்தின் பயனை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்கள். அதை அறையாகக் கட்டுவதற்கு நிறுவனங்கள் காலம் தாழ்த்தின. ‘எளியது’ எனப்பட்ட வலிக்கு அருகிலேயே எலும்பின் இறப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்தது.

தமிழ்க் கடற்கரையின் தொழில் வரலாறு முத்தின் எண்ணிக்கையையும் குத்தகைத் தொகையையும் விரிவாக எழுதியுள்ளது. கல்லைக் கட்டி இறங்கியவரின் உடலும், இன்று குழாய்க்காற்றை நம்பி இறங்குபவரின் உடலும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும். சங்கு குளிக்கும் ஊர்களில் முதியோரின் தோள், இடுப்பு நோவுகளை அவர்தம் சொற்களிலேயே திரட்டுவது, வாய்மொழி வரலாற்றுக்கும் தொழில்மருத்துவத்திற்கும் ஒருங்கே பயன்தரும் களமாகும். மூச்சின் முறை மாறிய தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது என்பதால், இப்பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று.